பேஜ்மேக்கர், ஃபான்ட், டாங்கிள் எல்லாவற்றோடும் பழைய கம்ப்யூட்டரை அப்படியே பேக்கப் எடுப்பது எப்படி?

பந்தக்கால் (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முன்னறையில் 17 வருடமாகப் பத்திரிகை டிடிபி (கம்ப்யூட்டரில் எழுத்து அடித்து டிசைன் செய்வது) செய்கிறேன். கல்யாணம், காதணி விழா, கிரகப்பிரவேசம், கருமாதி எல்லாம் வரும். பிரஸ் வெளியே. மேட்டர் அடித்து, புரூஃப் திருத்தி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது.

கம்ப்யூட்டர் 2012ல் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் 7, 32 பிட், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், அதில் சி, டி என்று இரண்டு டிரைவ். வைரஸுக்குப் பயந்து அதில் இன்டர்நெட் கொடுப்பதே இல்லை. இதை என் மகளின் லேப்டாப்பில் அடிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை செய்துகொண்டிருந்தபோது ‘டக் டக்’ என்று சத்தம். பல்லி சொல்கிறது என்று நினைத்து, எந்தத் திசை என்று பார்த்துப் பஞ்சாங்கத்தில் பலன்கூடத் தேடினேன். பல்லி சிபியுவுக்குள் இருக்கிறது என்று மறுநாள்தான் தெரிந்தது.

உடனே 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். டி டிரைவில் இருந்த 140 ஜிபியையும் மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டேன். நாலு மணி நேரம் ஓடியது. பாதிக்கு மேல் போன பிறகு ‘பெயர் ரொம்ப நீளம்’ என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிட்டது. ஸ்கிப் கொடுத்தால் இன்னொன்று. அப்புறம் எது போனது, எது போகவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

சரி, கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் இமேஜ்’ (விண்டோஸ், மென்பொருள் எல்லாம் சேர்த்து டிரைவை அப்படியே நகலெடுப்பது) என்று ஒன்று இருக்கிறதே, அதை எடுக்கலாம் என்று போனால், இந்த டிஸ்க் ஆகாது, என்டிஎஃப்எஸ் வேண்டும் என்கிறது. டிஸ்கில் ஃபைலை அடுக்கும் முறையில் அது ஒரு வகையாம், நான் வாங்கியது எக்ஸ்ஃபேட் என்ற வேறு வகையாம். மாற்ற வேண்டுமென்றால் ஃபார்மட் செய்யணும். ஃபார்மட் செய்தால் நாலு மணி நேரம் காப்பி செய்தது போய்விடும். ஒரிஜினலோ பல்லி கத்தும் டிஸ்கில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன், “டேட்டா மட்டும் போதும்க்கா, விண்டோஸ் புதுசா போட்டுக்கலாம்” என்கிறான். எனக்கு அது போதாது. என் ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் செய்தவை. அதில் பத்துப் பதினைந்து வகைத் தமிழ் ஃபான்ட். எதன் சிடியும் இப்போது கையில் இல்லை. கீபோர்டு மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவி மாதிரி) வேறு, பின்னாடி செருகியே இருக்கிறது. ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக் கம்ப்யூட்டருக்குப் போனால் திறக்க ஒன்றும் இருக்காது.

பழைய மேட்டர்தான் என் பிழைப்பே. “மூத்தவளுக்கு 2014ல் அடிச்சீங்களே, அதையே எடுங்க, பொண்ணு பேரு மாப்பிள்ளை பேரு மட்டும் மாத்துங்க” என்று வருவார்கள். தாய்மாமன் வரிசை, யார் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ சேர்க்கணும், எல்லாம் அந்த ஃபைலில் இருக்கிறது. 2016 மகாமகத்துக்கு அடித்த அன்னதான நோட்டீஸ்கூட வைத்திருக்கிறேன். 2028ல் கட்டாயம் கேட்டு வருவார்கள்.

இப்போது ஆடி, வேலை குறைவு. ஆவணிப் பத்திரிகைகள் வருவதற்குள் முடிக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

---

நட்டுபோல்ட்டு (சேலம்)

அக்கா, முதலில் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள். தேவையில்லாமல் ஆன் செய்து வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டக் கணக்கு. எக்ஸ்டர்னலை ஃபார்மட் செய்ய வேண்டாம். அரைகுறையாக இருந்தாலும் இன்றைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே நகல் அதுதான்.

பேக்கப் எடுப்பது வேறு, சாகக் கிடக்கும் டிஸ்கிலிருந்து எடுப்பது வேறு. நல்ல டிஸ்க் என்றால் முழு இமேஜ் எடுத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். இமேஜ் எடுக்கும்போது டிஸ்க் முழுவதையும் வரிசையாகப் படிக்கும். நடுவில் மூச்சு நின்றால், இமேஜும் இல்லை, ஃபைலும் இல்லை. அதனால் திரும்பக் கிடைக்காதது முதலில். உங்கள் மேட்டர் ஃபைல்கள். அப்புறம்தான் சி டிரைவ்.

மகளின் லேப்டாப்பில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்கின் உடல்நிலை பார்க்கும் மென்பொருள்) இறக்கி பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் தேவைப்படாத போர்ட்டபிள் வகை இருக்கிறது. நீலமா, மஞ்சளா, சிவப்பா? ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ என்ற வரியில் கடைசி எண் என்ன? பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி அணையுங்கள்.

---

பந்தக்கால்

மஞ்சள் தம்பி. கடைசி எண் 18. கூட நிறைய பூஜ்யம்.

---

நட்டுபோல்ட்டு

அந்த 18 நம்ம ஊர் 18 இல்லை அக்கா. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறின் அடிமானத்தில்தான் காட்டும், அதில் 10 என்றால் நம்ம 16. அதனால் அது 24. இருபத்துநாலு இடங்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் திணறுகிறது. தலை திரும்பத் திரும்ப முயலும்போதுதான் உங்கள் பல்லி சொல்கிறது. இன்னும் மோசமாகவில்லை, ஆனால் ஆவணி வரை காத்திருக்காது.

இழுத்துப் போடுவதை விடுங்கள். விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்று ஒரு கட்டளை இருக்கிறது. நீளமான பெயருக்கெல்லாம் அது அசையாது. எக்ஸ்ப்ளோரருக்கு 260 எழுத்து எல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு, ஃபைல் பெயரில் மணமக்கள் ஊர் வரை எழுதுகிறவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கவனம். படிக்க முடியாத ஃபைல் வந்தால் ரோபோகாப்பி மறுபடி மறுபடி முயலும். எத்தனை தடவை தெரியுமா? இயல்பாகவே 10 லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 விநாடி ஓய்வு. உங்கள் டிஸ்கை அதுவே கொன்றுவிடும். அதனால் கட்டளையின் முடிவில் சாய்கோடு ஆர் முக்காற்புள்ளி 1, சாய்கோடு டபிள்யூ முக்காற்புள்ளி 1 என்று சேர்த்துவிடுங்கள். ஒரு தடவை மறுபடி முயன்று, முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். சாய்கோடு ‘லாக்’ சேர்த்தால் எதெல்லாம் விட்டுப்போனது என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். ஏற்கெனவே போன ஃபைலை மறுபடி தொடாது, தேதியும் அளவும் ஒத்திருந்தால் தாண்டிவிடும். முழு வரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அப்படியே அடித்தால் போதும்.

யுபிஎஸ் பேட்டரி எப்படி? ஆடிக்காற்றில் கரண்ட் போகும். நடுவில் போனால் இந்த டிஸ்க் மறுபடி எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

---

மேட்டர்மன்னன் (மதுரை)

நானும் டிடிபிதான் மேடம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். 2018ல் டேட்டாவை மட்டும் எடுத்துவிட்டு விண்டோஸ் புதிதாகப் போட்டேன். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் குப்பை. நம்முடைய பழைய ஃபான்ட் எல்லாம் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்தவைதானே. பாமினி ஃபான்டில் ‘அம்மா’ என்று அடித்தது, ஃபான்ட் இல்லாவிட்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். வேறு கம்பெனி ஃபான்டை மாற்றிப் போட்டாலும் சரியாகாது, ஒவ்வொருவர் நாற்காலி வரிசையும் வேறு.

அதனால் முழு இமேஜ் கிடைக்கிறதோ இல்லையோ, சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரை இன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, பிள்ளையார். நம்மில் பாதிப் பேர் மறப்பது இதுதான். பேஜ்மேக்கரில் வைக்கும் பெரிய படம் பெரும்பாலும் ஃபைலுக்குள் இருக்காது, எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். பிள்ளையார், மேளதாளம், வாழைமரம் பார்டர் எல்லாம் டி டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருந்தால், புது இடத்திலும் அதே டிரைவ் எழுத்து, அதே பாதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பிள்ளையார் தெரிவார், பிரிண்டில் கட்டம் கட்டமாக வருவார். முக்கியமான வேலைகளுக்கு ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது, இணைத்த படங்களையும் சேர்த்து நகலெடு என்று ஒரு தேர்வு இருக்கிறது. நான் இப்போது எல்லாவற்றுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

---

யூனிகோடுவாசி

ஃபான்டுக்காகப் பழைய விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் தரும் பொதுக் குறியீட்டு முறை) மாற்றிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. என்எச்எம் கன்வர்ட்டர் இலவசம். தமிழக அரசே 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

---

பந்தக்கால்

சார், நீங்கள் சொல்வது சரி. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. 17 வருடப் பத்திரிகையை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி, மறுபடி டிசைன் செய்து, ‘ஸ்ரீ’ எங்கே உடைந்தது என்று பார்க்க நான் இன்னொரு ஜென்மம் எடுக்கணும். புது வேலைகளை மாற்றுகிறேன், சத்தியம். இப்போது டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது.

தம்பி, யுபிஎஸ் பேட்டரி பேருக்குத்தான் இருந்தது. எங்க வீட்டுக்காரர் போய்ப் புதுசு வாங்கி வந்தார். ஃபான்ட்ஸ் ஃபோல்டர் எடுத்தாகிவிட்டது. ரோபோகாப்பி ஓடுகிறது. கறுப்புத் திரையில் பெயர்களாக ஓடுவதைப் பார்க்கப் பழைய முகூர்த்தங்கள் எல்லாம் வரிசையாகப் போவது போலிருக்கிறது.

---

தாமிரபரணி (நெல்லை)

அக்கா, சி டிரைவுக்கு என் யோசனை. நீங்கள் எக்ஸ்ஃபேட்டை மாற்றவே வேண்டாம்.

வழக்கமாக நான் குளோன்ஜில்லாதான் சொல்வேன். பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்து, டிஸ்கில் எழுத்து இருக்கும் இடங்களை மட்டும் எடுக்கும், இலவசம். மவுஸில் சொடுக்கிச் செய்ய ரெஸ்க்யூஜில்லா. ஆனால் அந்த இமேஜைத் திரும்பப் போட, கிட்டத்தட்ட இதே மாதிரி கம்ப்யூட்டர் வேண்டும். 2012 மதர்போர்டில் வளர்ந்த விண்டோஸ் 7ஐ இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மெஷினில் கொண்டுபோய் வைத்தால், புதுப் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் பெரும்பாலும் எழுந்திருக்காது.

உங்களுக்கு வேண்டியது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, அதற்குள் இருக்கும் பேஜ்மேக்கர். அதற்கு டிஸ்க்2விஎச்டி. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் வெளியிடும் சின்ன இலவச மென்பொருள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே ஒரே ஃபைலாகச் சுருட்டிக் கொடுக்கும். அந்த ஃபைலை மகளின் லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸில் கொடுத்தால், உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரு ஜன்னலுக்குள் ஓடும். அதே வால்பேப்பர், அதே பேஜ்மேக்கர்.

செய்யும்போது மூன்று விஷயம். ‘விஎச்டிஎக்ஸ்’ என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிடுங்கள், வெறும் விஎச்டிதான் வர்ச்சுவல்பாக்ஸுக்கு ஒத்துப்போகும். சி டிரைவோடு, டிரைவ் எழுத்தே இல்லாத ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்று 100 எம்பிக்கு ஒன்று இருக்கும், அதையும் தேர்ந்தெடுங்கள். பார்க்கச் சின்னது, அது இல்லாமல் பூட் ஆகாது. டி டிரைவில் டிக் வேண்டாம், அதைத்தான் தனியாக எடுத்துவிட்டீர்களே.

டாங்கிளை யாராலும் பேக்கப் எடுக்க முடியாது, அதைப் பத்திரமாக வைக்கத்தான் வேண்டும். ஆனால் யுஎஸ்பி டாங்கிள் என்றால் லேப்டாப்பில் செருகி, ‘டிவைசஸ்’ மெனுவிலிருந்து உள்ளே கொடுக்கலாம். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் எண்ணை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

---

பந்தக்கால்

ரோபோகாப்பி முடிந்தது. 11 ஃபைல் போகவில்லை. லாக்கைப் பார்த்தேன். எட்டு வெறும் டெம்ப் குப்பை. ஒன்று எப்போதோ மூடிய ஜவுளிக்கடையின் விசிட்டிங் கார்டு. ஒன்று பார்டர், மேட்டர்மன்னன் சாரிடமே இருக்கும். மிச்சம் ஒன்று என் மகளின் கல்யாணப் பத்திரிகை! ஊருக்கெல்லாம் இருக்கிறது, என் வீட்டுது போய்விட்டது. பரவாயில்லை, பீரோவில் அச்சடித்தது நாலு இருக்கிறது.

டிஸ்க்2விஎச்டியும் ஓட்டினேன். சி டிரைவில் 38 ஜிபி இருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆனால் லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸில் போட்டால், விண்டோஸ் லோகோ ஒரு விநாடி வந்து, நீலத்திரை அடித்து, மறுபடி ஆரம்பத்துக்கே போகிறது. 100 எம்பியையும் டிக் செய்தேனே?

---

தாமிரபரணி

என் தப்பு அக்கா, சொல்ல மறந்தேன். ‘செட்டிங்ஸ்’, ‘ஸ்டோரேஜ்’ போங்கள். உங்கள் ஃபைல் சாட்டா என்பதற்குக் கீழே தொங்கும் (சாட்டா, ஐடிஇ இரண்டும் டிஸ்கை இணைக்கும் வழிகள்). அங்கிருந்து நீக்கிவிட்டு ஐடிஇ என்பதற்குக் கீழே சேருங்கள். அந்தக் கால அசெம்பிள் மெஷின் பலவற்றில் பயாஸில் ஐடிஇ என்றே விட்டுவிடுவார்கள். உங்கள் விண்டோஸுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ராம் 2 ஜிபி கொடுங்கள், போதும்.

---

முடிச்சூர்க்காரன்

அம்மா, தொழில்நுட்பம் எல்லாம் இவர்கள் சொல்லிவிட்டார்கள். என் கதையை மட்டும் சொல்கிறேன். நானும் ஒழுங்காக பேக்கப் எடுக்கிறவன்தான். மாதம் முதல் ஞாயிறு, தவறாமல். எடுத்துப் பத்திரமாக ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில் வைப்பேன், பத்திரங்களோடு. 2015 டிசம்பரில் எங்கள் தெருவுக்குள் அடையாறு வந்தது. சிபியு தரையில் இருந்தது. பீரோ அதற்கு நாலடி தள்ளி. இரண்டும் ஒரே தண்ணீரில் நின்றன. மூன்று நாள் கழித்துப் பீரோவைத் திறந்தால், எக்ஸ்டர்னல் டிஸ்கின் பைக்குள் சேறு. பத்திரங்களைக் காயவைத்து ஓரளவு மீட்டோம். டிஸ்கைக் காயவைத்து ஒன்றும் ஆகவில்லை.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று வேலூரில் அக்கா வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றி எடுத்து வருவேன்.

வீட்டில் இருக்கும் டிஸ்கையும் எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும்.

---

நட்டுபோல்ட்டு

ஐயா சொன்னதற்குக் கீழே கையெழுத்து. இரண்டாவது டிஸ்க் வாங்கும்போது அதில் ஒன்றும் போடுவதற்கு முன்னாலேயே என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்துவிடுங்கள் அக்கா. இப்போது மாட்டிக்கொண்ட இடத்தில் மறுபடி மாட்ட வேண்டாம். 1 டிபி என்று வாங்கினால் 931 ஜிபி என்று காட்டும், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது கணக்கு வித்தியாசம்.

---

பந்தக்கால்

சனிக்கிழமை ராத்திரி ஐடிஇக்கு மாற்றினேன். லோகோ வந்தது, நின்றது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், என் வால்பேப்பர் வந்தது. மகாமகக் குளம். லேப்டாப்புக்குள் என் கம்ப்யூட்டர்.

டாங்கிளைச் செருகி உள்ளே கொடுத்தேன், கீபோர்டு வந்துவிட்டது. 2014ல் அடித்த ஒரு பத்திரிகையைத் திறந்தேன். எழுத்து எல்லாம் சரி, ஆனால் பிள்ளையார் கட்டம் கட்டமாக. மேட்டர்மன்னன் சார் சொன்னதேதான். எக்ஸ்டர்னல் டிஸ்கை உள்ளே கொடுத்து, அதற்கு டி என்று எழுத்து வைத்தேன். பிள்ளையார் தெளிந்துவிட்டார். ஒரு காப்பி பிரிண்ட் போட்டு, பீரோவில் இருந்த அச்சோடு வைத்துப் பார்த்தேன். ‘சுபமஸ்து’ வரை ஒன்று. விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதை நாளைக்குப் பார்க்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரை அதற்கப்புறம் ஒரே ஒரு முறை ஆன் செய்தேன், விட்டுப்போன அந்தப் பத்திரிகை வருகிறதா என்று பார்க்க. வரவில்லை. பல்லிதான் சொன்னது. அணைத்துவிட்டேன். மகளிடம் சொன்னால், “எனக்கு எதுக்கும்மா இப்ப, இன்னொரு தடவையா அடிக்கப் போறே?” என்கிறாள்.

முடிச்சூர் தம்பி, இரண்டாவது டிஸ்க் வாங்கி, முதலில் என்டிஎஃப்எஸ் ஆக்கி, எல்லாவற்றையும் அதிலும் போட்டுத் தஞ்சாவூர் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எங்க வீட்டுக்காரர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். இதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாளாம். உன் பையன் பூணூல் பத்திரிகையும் இருக்கிறது என்று இவர் சொல்ல, உடனே பரணில் வெள்ளிப் பாத்திரங்களோடு வைத்துவிட்டாளாம்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்று காலை ஒருவர் வந்தார். “எங்க அண்ணன் பத்திரிகையையே எடுங்க, பேரு மட்டும் மாத்திக்கலாம்.” லேப்டாப்பில் திறந்து கொடுத்தேன். இவ்வளவு சின்னத் திரையிலா அடிக்கிறீர்கள் என்று கேட்டார்.